இடியன் துவக்கும் செப்புச் சன்னமும்

வாய்வழியே மருந்திட்டு, அதன்மேற் குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்கிச் சுடப்படும் துவக்குக்கு வன்னி வேட்டைக்காரர் வழங்கிய பெயர் ‘இடியன்’. செய்முறை முழுதும் பெயரிலேயே அடங்கிவிட்டது. உலகின் பெரும் படைகள் இவ்வகைத் துவக்கைக் கைவிட்டு நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது அரும்பொருட் காட்சிச்சாலைக்கு மட்டும் உரிய பொருளாகிவிடவில்லை. மான் வேட்டைக்கென ஆண்டுதோறும் வகுக்கப்படும் காலத்தில் ஒரு பகுதியைப் பல மாநிலங்கள் முகவாய்த் துவக்குக்கெனவே ஒதுக்கியுள்ளன. பென்சில்வேனியாவிலோ சக்கிமுக்கிக் கல்லால் பொறியெழுப்பும் துவக்குக்கெனத் தனிப்பருவமே உண்டு. ஒரு வெடி தீர்ந்தபின் மறு வெடிக்கு மருந்து, குண்டு, கோல் என யாவும் முறைப்படி மீண்டும் தொடங்கவேண்டும். அதற்குள் மான் மலையைக் கடந்துவிடும். எனவே இத்துவக்கை ஏந்திச் செல்பவர் ஒரேயொரு வெடியை நம்பியே காட்டுக்குட் புகுகின்றார்.

இத்துவக்கு பழைய வடிவிலேயே நின்றுவிட்டது என்று கருதுதல் தவறாகும். மிசூரி மாநிலத்துத் துவக்குத் தொழிலாளரான தோனி நைற் என்பவர் 1985இல் உருவாக்கிய வகை இத்துறையின் போக்கையே மாற்றிற்று. அதில் தீமூட்டும் பகுதி குழலின் பக்கத்தே அமையாமல், அதன் நேர்ப்பின்னே அமைந்தது. தோற்றத்தில் அது புதுக்காலத் துவக்கை ஒத்தது. முறையில் மட்டும் இடியனாகவே நின்றது. பழைமையைப் பேணுவதற்கென ஒதுக்கப்பட்ட பருவத்திற் புதுமை புகுந்ததென்று மனம் நொந்தோர் பலர். அவர்களின் நோவு நியாயமற்றதன்று. எனினும் ஈண்டு ஆராயப்படுவது அவ்வழக்கன்று. குழலின் வாயில் வைக்கப்படும் பொருள் மாறியபோது நிகழ்ந்தது யாது என்பதே.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக அப்பொருள் ஈயமாகவே இருந்துவந்தது. இன்று அதனிடத்திற் செம்பு வந்துகொண்டிருக்கின்றது. இம்மாற்றத்தை வேண்டியவர் வேட்டைக்காரர் அல்லர். ஒரு கழுகினம் அதனை வேண்டிற்று எனலாம். கலிபோர்ணியக் கொண்டோர் என்பது விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 3 மீற்றர் வரும் பெரும் பறவை. அது வேட்டையாடுவதில்லை, இறந்த விலங்கையே உண்டு வாழ்வது. 1982இல் அவ்வினத்தில் எஞ்சியிருந்தவை 22 மட்டுமே. 1987இல் காட்டில் இருந்த இறுதிப் பறவையும் பிடிக்கப்பட்டுக் கூட்டில் வைத்துப் பெருக்கப்பட்டது. 1992இல் தொடங்கி அவற்றின் குஞ்சுகள் மீண்டும் காட்டில் விடப்பட்டன. விடப்பட்டவை ஏன் மடிகின்றன என ஆராய்ந்தோர் கண்ட முதன்மைக் காரணம் ஈய நஞ்சு. வேட்டைக்காரர் மானின் குடலைக் களத்திலேயே விட்டுச் செல்வர். அக்குடலில் சன்னத்தின் துணுக்குகள் தங்கியிருக்கும். அவற்றை உண்ணும் கழுகின் இரைப்பை அமிலம் ஈயத்தைக் கரைத்துக் குருதியிற் சேர்த்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2006இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், எக்சுக் கதிர்கொண்டு பார்த்த 20 குடற்குவியல்களில் 18இல் இத்தகைய துணுக்குகள் தென்பட்டன எனக் காட்டினர். சில குவியல்களில் அவை இருநூறுக்கும் மேற்பட்டிருந்தன.

கொண்டோர் உலவும் பகுதிகளிற் பெருவிலங்கு வேட்டைக்கு ஈயச் சன்னத்தை விலக்கும் சட்டத்தைக் கலிபோர்ணியா 2007இல் இயற்றிற்று. அது 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2013இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் அவ்விலக்கை மாநிலம் முழுவதற்கும் எல்லா வேட்டைக்கும் படிப்படியாக விரித்து, 2019 யூலை 1ஆம் திகதி முழுமையாக்கிற்று. முகவாய்த் துவக்கும் அதற்குட்பட்டதே. அரிசோனாவோ கட்டாயப்படுத்தாது, 2005 முதல் கொண்டோர் வாழும் பகுதியில் வேட்டையாடுவோருக்கு ஈயமற்ற சன்னங்களை இலவசமாக வழங்கி அவர்களின் நல்லெண்ணத்தை நாடிற்று.

இவ்விடத்தில் முகவாய்த் துவக்கின் பக்கம் நின்று ஒன்று கூறவேண்டும். மிகுவேகத்துடன் செல்லும் புதுக்காலச் சன்னமே உடலினுள் அதிகமாகச் சிதறுவது. முகவாய்த் துவக்கின் கனத்த ஈயக் குண்டு மெதுவாகச் செல்வதாற் குறைவாகவே சிதறும். மினசோட்டா மாநிலத்தார் 2008இல் செம்மறியாடுகளின் உடலங்களிற் செய்த சோதனையும் இவ்வேறுபாட்டைக் காட்டிற்று. குறைவு என்பது இன்மை ஆகாது. ஆயினும் இடியன்காரர் பிறருடைய குற்றத்திற்குத் தாமும் வரி செலுத்துவதாக முணுமுணுப்பதிற் பொருளில்லாமலில்லை.

இனி, ஈயம் இத்துவக்குக்கு என்ன செய்தது என்பதை நோக்குதல் வேண்டும். மருந்தை இட்டபின் குண்டு வாய்வழியே இறங்கவேண்டும். எனவே அது குழலினும் சிறிதாயிருத்தல் வேண்டும். வெடித்து வெளியேறும்போதோ குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட திருகு புரிகளை இறுகப் பற்றவேண்டும்; எனவே அது குழலினும் சிறிது பெரிதாயிருத்தல் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றையொன்று மறுப்பவை. பழைய வேட்டைக்காரர் எண்ணெய் தோய்ந்த துணித்துண்டினாற் குண்டைப் பொதிந்து இம்முரணைத் தீர்த்தனர். அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு. இடைவெளியைத் துணி நிரப்பிற்று. புரிகளைப் பற்றியதும் துணியே. பிரான்சுப் படையைச் சேர்ந்த மினியே 1849இற் கண்ட வழி வேறு. அவருடைய ஈயச் சன்னத்தின் அடி குடைவாயிருந்தது. எளிதாக உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் வாயுவின் அமுக்கம் குடைவை விரிக்க, ஈயம் புரிகளினுட் புகுந்து நிறையும். இரு தீர்வுகளுக்கும் அடிப்படை ஈயத்தின் மென்மையே. குழலின் விட்டம் ஆயிரத்தில் ஓரிரு அங்குலம் வேறுபட்டாலும், கோல் சற்றுக் கோணலாக அழுத்தப்பட்டாலும், ஈயம் வளைந்து கொடுத்து ஒருவாறு சமாளித்துவிடும். தொழிலாளியின் குறையையும் சுடுபவரின் குறையையும் அது தன்னுள் ஏற்று மறைத்தது.

மற்றொரு நன்மையும் இருந்தது. ஈயத்தின் உருகுநிலை 327 பாகை செல்சியசு. விறகடுப்பில் ஓர் இரும்புக் கரண்டியில் அதனை உருக்கி, அச்சில் வார்த்து, அன்றிரவே மறுநாளைக்கு வேண்டிய குண்டுகளைச் செய்துகொள்ளலாம். செம்பு 1085 பாகையிலேயே உருகும். அது வீட்டடுப்பிற்கு அடங்காது. எனவே செப்புச் சன்னத்தைக் கடையில் வாங்குவதன்றி வேறு வழியில்லை. தன் குண்டைத் தானே செய்துகொண்டவர், பிறர் செய்த சன்னத்தைத் தம் துவக்குக்கு ஏற்றதா எனச் சோதிப்பவரானார். இம்மாற்றம் சிறியதன்று.

செம்பு வளைந்து கொடாது. அடியைக் குடைந்தாலும் ஈயம்போல எளிதில் விரியாது. எனவே பலர் ‘சபோ’ எனப்படும் பிளாத்திக்குக் கிண்ணத்தை நாடினர். பிரெஞ்சு மொழியில் மரச்செருப்பைக் குறிக்கும் சொல் அது. சன்னத்துக்குச் செருப்பணிவித்தல் என்று கொண்டால் பொருள் பொருந்தியே வருகின்றது. கிண்ணம் புரிகளைப் பற்றிச் சுழலும். சன்னம் அதனுடன் சேர்ந்து சுழலும். வாயைக் கடந்ததும் கிண்ணத்தின் இதழ்கள் காற்றில் விரிந்து அது பின்தங்கிவிடும். பழைய துணித்துண்டின் வேலையை இன்று பிளாத்திக்குச் செய்கின்றது. ஆயின் எல்லா மாநிலங்களும் இதனை ஏற்பதில்லை. கொலறாடோ முகவாய்ப் பருவத்தில் சபோவையும் தொலைநோக்கிக் குறிகாட்டியையும் விலக்கியுள்ளது. அங்கு செம்பை விரும்புபவர் குழலின் விட்டத்துக்கு மிக நெருங்கிய முழுவிட்டச் சன்னத்தைத் தேடவேண்டும். ஆயிரத்தில் ஓர் அங்குலம் பெரிதாயின் அது கோலுக்கு இறங்காது. அதேயளவு சிறிதாயின் மருந்தின்மீது நில்லாது முன்னே நழுவிவிடக்கூடும். மருந்துக்கும் சன்னத்துக்குமிடையே வெளி தோன்றினாற் குழல் வெடிக்கும் அபாயமுண்டு. எனவே சோதனை என்பது இங்கு துல்லியத்துக்காக மட்டுமன்று.

இதனினும் ஆழமான இடர் நீளத்திலிருந்து பிறக்கின்றது. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பினது 8.96. ஒரே விட்டமும் ஒரே நிறையும் உடைய இரு சன்னங்களுட் செம்பாலானது ஏறத்தாழ 27 வீதம் நீண்டிருக்கும். நீண்ட சன்னத்தைத் தலைகீழாகப் புரளாமல் நிறுத்த அதனை விரைவாகச் சுழற்றவேண்டும். விரைவாகச் சுழற்றப் புரிகள் நெருக்கமாகத் திருகியிருத்தல் வேண்டும். வூலிச்சில் பீரங்கிப் படையினர்க்குக் கணிதம் கற்பித்த கிறீன்கில் 1879இல் இதற்கோர் எளிய சூத்திரம் தந்தார். 250 கிறெயின், அதாவது 16.2 கிராம், நிறையுள்ள 0.451 அங்குல விட்டமுடைய உருளையை எடுத்துக்கொண்டால், ஈயத்தில் அதன் நீளம் சுமார் 14 மில்லிமீற்றர். செம்பிற் சுமார் 17.5 மில்லிமீற்றர். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் குழலில், அச்சூத்திரத்தின்படி ஈயத்துக்குச் சுமார் 16.5 மில்லிமீற்றர் நீளம்வரை அனுமதியுண்டு. செம்புக்கோ சுமார் 14.5 மட்டுமே. ஒரே குழலில் ஈயச் சன்னம் நேராகச் செல்ல, அதேயளவு நிறையுள்ள செப்புச் சன்னம் தள்ளாடத் தொடங்கும். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றென்றால் செம்பின் எல்லை 25 மில்லிமீற்றராக உயரும். கூரிய மூக்கும் குடைந்த முனையும் சன்னத்தை மேலும் நீட்டுவதால் இவ்வுயர்வு மிகையன்று, தேவையே. பாட்டனாரின் துவக்கிற் புதுச் செம்பை இட்டுச் சுட்டவர்க்கு இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போன்ற நீள்துளை கிடைப்பதன் காரணம் இதுவே. சன்னம் பக்கவாட்டிற் புரண்டு தாளைக் கிழித்திருக்கின்றது. அத்துளையைக் கண்டபின் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் காலம் போக்குவோர் உளர். குழலுக்கும் சன்னத்துக்கும் பொருத்தமில்லையென்பதை அவர்கள் அத்துளையிலேயே படித்திருக்கலாம்.

துவக்கின் குறியைச் சோதனைக்கு உட்படுத்தும் எண்ணம் பழையது. பெஞ்சமின் றொபின்சு என்னும் ஆங்கிலக் கணிதர் 1742இல் தம் நூலில் எறிய ஊசலை விளக்கினார். தொங்கவிடப்பட்ட பலகையிற் குண்டு மோதும்போது அது எவ்வளவு தூரம் ஊசலாடுகின்றது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணிக்கும் வழி அது. அந்நூலை 1745இல் ஜேர்மன் மொழியில் விரிவுரையோடு தந்தவர் ஒயிலர் என்றால் அதன் தகைமை விளங்கும். வாயருகே வளைக்கப்பட்ட குழலிலிருந்து சுடப்பட்ட குண்டு முதலில் வளைவின் பக்கம் சென்று, பின் சுழற்சியால் எதிர்ப்பக்கம் திரும்புவதை மெல்லிய தாள்த்திரைகளில் விழுந்த துளைகளாற் காட்டியவரும் அவரே. குண்டு தாறுமாறாகச் செல்வதற்கு விதியோ காற்றோ மட்டும் காரணமன்று, கட்டுப்படுத்தப்படாத சுழற்சியே காரணம் என்பது அப்போது தெளிவாயிற்று. புரிக்குழலின் நன்மையை 1747இல் றோயல் சங்கத்தின்முன் எடுத்துரைத்த இவர், கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்து, 1751இற் கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிற் காய்ச்சலால் மாண்டார். எறியவியலின் தந்தை எனத்தக்க ஒருவர் தமிழ்க் கடற்கரையில் உயிர்நீத்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

அடுத்த நூற்றாண்டில் மஞ்செசுற்றர் நகரத்துப் பொறியியலாளர் யோசெப் விற்வேத் அறுகோணக் குழலொன்றை ஆக்கினார். அது 0.451 அங்குல விட்டமும் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் உடையது. படையின் என்பீல்டு துவக்கோ 0.577 அங்குல விட்டமும் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் உடையது. 1857இல் நடந்த போட்டிச் சோதனையில் 500 யார் தூரத்தில் என்பீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விற்வேத்தினது 0.37 அடி. இவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதே ஈண்டு முக்கியம். துளைகளனைத்தின் நடுப்புள்ளியைக் கண்டு, ஒவ்வொரு துளையும் அதிலிருந்து விலகிய தூரத்தை அளந்து, யாவற்றின் சராசரியையும் எடுத்தனர். ஒரு வெடியும் கணக்கிலிருந்து தப்பவில்லை. மூன்றாண்டு கழித்து, 1860இல், விம்பிள்டன் திடலில் விக்ரோறியா மகாராணியார் தாங்கியிற் பொருத்தப்பட்ட அதே வகைத் துவக்கின் வில்லை இழுத்தார். 400 யாருக்கு அப்பால் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்திற் சன்னம் பட்டது. மக்கள் ஆரவாரித்தனர். 1857இன் அட்டவணையை மறந்தவர்கூட அந்த ஒரு வெடியை நினைவிற் கொண்டனர். ஒரு வெடி எதனையும் நிறுவாது என்று அன்று அரசியாரின் முன் கூறுவதற்கு யார்தான் துணிவர்!

இன்றைய சோதனையாளரின் இடரும் அதுவேயாகும். செப்புச் சன்னம் வாங்கிய ஒருவர் கோடை முடிவில் ஒரு வயலோரத்தில் மேசையிட்டு, மணற்பைகளின்மீது துவக்கை வைத்து, 100 யார் தொலைவில் தாளை நிறுத்துகின்றார் என்று கொள்ளலாம். மருந்தின் அளவுக்கு ஆக்கியவர் விதித்த மேலெல்லை அவர் கையிலுள்ளது. அதனை மீறாமல் ஐந்தாறு அளவுகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் மூன்று வெடி சுடுகின்றார். ஒவ்வொரு மூன்று துளைக் கூட்டத்திலும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் இடைத்தூரத்தை அளக்கின்றார். ஒன்று மூன்று அங்குலம், ஒன்று இரண்டு, மற்றொன்று ஓர் அங்குலமே. ஓர் அங்குலம் தந்த அளவே தம் துவக்கின் விருப்பம் என முடிவுசெய்து வீடு திரும்புகின்றார்.

இம்முடிவுக்கு ஆதாரம் மிகக் குறைவு. துளைகள் எழுமாறாகப் பரவும்போது, அப்பரவலின் நியம விலகலை ஒன்றெனக் கொண்டால், மூன்று துளைக் கூட்டத்தின் சராசரி அகலம் 2.4, ஐந்து துளைக்கு 3.07, பத்துத் துளைக்கு 3.81. அதாவது மூன்று வெடியில் ஒன்றரை அங்குலம் காட்டும் துவக்கு பத்து வெடியிற் சுமார் இரண்டே கால் முதல் இரண்டரை அங்குலம் காட்டும். துவக்கு கெட்டுவிடவில்லை, உண்மை சற்றுக் கூடுதலாக வெளிவந்திருக்கின்றது. மேலும், மூன்று துளைக் கூட்டத்தின் அளவு தானே பெரிதும் ஏறியிறங்குவது. ஒரே துவக்கு, ஒரே மருந்து, ஒரே சன்னம், ஒரே கை. ஆயினும் ஒரு கூட்டம் மற்றொன்றின் இருமடங்காக அமைவது வியப்பன்று. ஆறு மருந்தளவுகளும் உண்மையில் ஒரே தரத்தினவாயினும், ஆறு கூட்டங்களுள் மிகச் சிறியது சராசரியின் பாதியை அணுகிவிடும். அந்தச் சிறிய கூட்டமே சட்டைப்பையில் வைத்து நண்பர்க்குக் காட்டப்படும் தாள். மற்றை ஐந்தும் குப்பைக்குச் செல்லும்.

தாளைத் தெரிந்தெடுப்பதினும் நுட்பமான தவறு ஒன்றுண்டு. இரண்டு துளைகள் ஒட்டி நிற்க, மூன்றாவது விலகிநின்றால், அது துவக்கின் பிழையன்று, தம் கை அசைந்த பிழை என்று சுட்டவர் தள்ளிவிடுவார். வெடிக்கும் கணத்திலேயே கை அசைந்ததை உணர்ந்து, தாளைப் பாராமுன் அதனைக் குறித்துவைத்தவர் தள்ளட்டும். தாளைப் பார்த்தபின்னரே அசைவை நினைவுகூர்பவரின் நினைவு நம்பத்தக்கதன்று. மூன்றில் ஒன்றைத் தள்ளி எஞ்சிய இரண்டைக் கொண்டு துல்லியம் பேசுவது, நெல்லைத் தூற்றும்போது பதரையும் நெல்லையும் காற்றே பிரிக்கவிடாமல், கண்ணுக்கு அழகான மணியை மட்டும் பொறுக்கி விளைச்சலை மதிப்பிடுவதை ஒக்கும். 1857இன் படைச் சோதனையாளர் செய்யாத தவறு இது. கணிப்பொறியும் வேகமானியும் கையிலுள்ள காலத்தில் அது பெருகியிருப்பது வருந்தத்தக்கது.

முகவாய்த் துவக்கில் இத்தவறு வேரூன்றுவதற்குச் சிறப்பான காரணங்களும் உள. முதலாவது, கழிவு. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விகிதத்தில் அமையும் கருமருந்து எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாது திண்மமாகவே எஞ்சுவதை நோபிளும் ஏபெலும் 1875இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் காட்டினர். ஒரு வெடிக்குப்பின் குழல் முன்னைய குழலன்று. அதன் சுவரிற் கரிப்படிவு ஏறியிருக்கும். ஈயம் அப்படிவையும் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். சபோவினுட் செருகிய செம்போ இறங்கும்போதே இறுகும். ஒரு முறை எளிதாகவும் மறுமுறை கடினமாகவும் அழுத்தப்பட்ட சன்னங்கள் ஒரே இடத்தைச் சென்றடைவதில்லை. எனவே ஒவ்வொரு வெடிக்குப்பின்னும் ஈரத்துணியும் பின் உலர்துணியுமாகக் குழலை ஒரே வகையில் துடைக்கவேண்டும்; சன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் அமர்ந்ததா எனக் கோலிற் கீறிய அடையாளத்தைக் கொண்டு பார்க்கவேண்டும். இரண்டாவது, வெப்பம். அடுத்தடுத்துச் சுட்டாற் குழல் சூடேறிப் பிளாத்திக்கை மென்மையாக்கும். பொறுமையற்றவரின் நான்காவது வெடி அவருடைய முதல் வெடியோடு ஒப்பிடத்தக்கதன்று. வெடிக்கும் வெடிக்குமிடையே குழல் ஆறும்வரை காத்திருப்பவர்க்கு ஒரு முற்பகலிற் பத்து வெடியே பெரிது.

காத்திருக்கும் வேளையில் அவர் செய்யத்தக்க பயனுள்ள வேலை, முன்னே சென்று புல்லில் விழுந்துகிடக்கும் சபோக்களைப் பொறுக்குவது. தாளிலுள்ள துளை முடிவைக் கூறும். சபோ காரணத்தைக் கூறும். இதழ்கள் நான்கும் ஒரே அளவிற் பின்மடிந்திருந்தாற் சன்னம் நேராக விடுபட்டிருக்கின்றது. ஓரிதழ் முறிந்து மற்றவை நிமிர்ந்திருந்தால், விடுபடும் கணத்திற் சன்னம் ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றது. அடி உருகியோ கிழிந்தோ இருப்பின் வாயு அதனைக் கடந்து முன்னே பாய்ந்திருக்கின்றது. மருந்தின் அளவு மிகை, அன்றிச் சபோ அக்குழலுக்குத் தளர்வு. ஒரு சிறு பிளாத்திக்குத் துண்டில் இத்தனை செய்தி எழுதப்பட்டிருக்க, அதனை விட்டுவிட்டுப் பெட்டியில் அச்சிட்ட விளம்பரத்தைப் படிப்போரே பலர்.

இவை யாவற்றையும் செவ்வனே செய்தாலும் ஒரு கேள்வி எஞ்சும். மேசையிற் சுடப்படும் கூட்டம் எதனை அளக்கின்றது? பத்தாவது வெடி ஒன்பது வெடிகளின் நினைவைத் தாங்கிய குழலிலிருந்து செல்வது. வேட்டையில் மானை நோக்கிச் செல்லும் வெடி, இரவு முழுவதும் குளிரிற் கிடந்த துப்புரவான குழலின் முதல் வெடி. பல துவக்குகளில் இம்முதல் வெடி மற்றவற்றின் நடுவிலிருந்து விலகியே விழும். சிலர் இதனை அறிந்து, வேட்டைக்கு முன் கேப்பு ஒன்றை வெறுமனே வெடித்துக் குழலைச் சற்றுக் கறைப்படுத்துவர். எதனைச் செய்தாலும், சோதனை அந்நிலையிலேயே நிகழவேண்டும். பத்து விடியற்பொழுதுகளில், ஒவ்வொரு நாளும் ஒரேயொரு வெடியை, ஒரே தாளில், குளிர்ந்த குழலிலிருந்து சுட்டுச் சேர்த்த பத்துத் துளைகள், ஒரு பிற்பகலிற் சுட்ட நாற்பது துளைகளைவிட வேட்டைக்கு அதிகம் பயன்படும். அத்தாள் அழகாயிராது. இடையிடையே காற்று வீசிய நாள், பனி விழுந்த நாள், சுட்டவர் சரிவர உறங்காத நாள் யாவும் அதில் இருக்கும். மானின் முன் நிற்கப்போகும் மனிதரும் இவ்வாறானவரே.

மானின் நெஞ்சில் உயிர்நிலைப் பகுதியின் விட்டம் ஏறத்தாழ 8 அங்குலம். அதற்கு வெளியே பட்ட சன்னம் விலங்கை உடனே வீழ்த்தாது. அது காட்டினுட் சென்று மணிக்கணக்காகவோ நாட்கணக்காகவோ நோயுற்று மடியும். மறு வெடிக்கு இடமில்லாத துவக்கில் இக்கேடு இருமடங்கு கொடிது. இங்கு செம்பின் மற்றொரு இயல்பும் கணக்கிற் சேர்கின்றது. முகவாய்த் துவக்குக்கென ஆக்கப்பட்ட செப்புச் சன்னம் சிலவற்றின் குடைந்த முனை உடலினுட் புகும்போது ஆறு இதழ்களாக விரிந்து வழியை அகலமாக்கும். ஈயத்தைப்போல அது சிதறாது; ஏறத்தாழ முழு நிறையோடும் மறுபுறம் செல்லும். கழுகுக்கு நன்மை இதனாலேயே. ஆயின் இதழ் விரிய வேகம் வேண்டும். தூரம் கூடக்கூட வேகம் குறையும். ஓர் எல்லைக்கு அப்பால் இதழ் விரியாது, கம்பியால் துளைத்ததுபோல ஒடுங்கிய வழியே எஞ்சும். மென்மையான ஈயக் குண்டு தொடக்கத்திலேயே அகன்றது. மெதுவாகச் சென்றாலும் தன் அகலத்தை இழப்பதில்லை. தாளில் துளைகள் நெருங்கியிருப்பதை மட்டும் கண்டு, அதே சன்னம் 150 யாரிலும் தன் வேலையைச் செய்யும் என்று முடிவுசெய்பவர் பாதிச் சோதனையையே செய்தவராவர். நீர் நிறைந்த கலங்களை வரிசையாக அடுக்கி, தாம் சுட எண்ணும் மிகத் தொலைவான தூரத்திலிருந்து அவற்றில் ஒரு வெடி சுட்டு, உள்ளே கிடக்கும் செம்பை எடுத்துப் பார்த்தால் இதழ்களின் நிலை தெரிந்துவிடும். தாளினாலாகாத விடையை அக்கலங்கள் தரும்.

எனவே சோதித்தவர்க்கு இரண்டு எல்லைகள் கிடைக்கின்றன. குளிர்ந்த குழலின் துளைகள் எட்டு அங்குல வட்டத்துள் ஐயமின்றி அடங்கும் தூரம் ஒன்று. இதழ்கள் நன்கு விரியும் தூரம் மற்றொன்று. இவற்றுட் குறுகியதே அவருக்குரியது. அது 150 யாராக இருக்குமென எண்ணித் தொடங்கியவர்க்கு 90 யார் என்று முடிந்துவிடலாம். செப்புச் சன்னம் ஈயத்தைவிட விலையேறியது. அவ்விலையில் ஐம்பதைச் செலவிட்டு, ஒரு கோடைகாலத்தின் விடியற்பொழுதுகளையும் கொடுத்து, கையிற் கிடைத்தது ஒரு சிறிய எண். இலையுதிர் காலத்தில் மரச்சரிவின் மறுபுறம் 130 யாரில் ஒரு கலைமான் வந்து நிற்கும்போது, அவர் கோலால் இடித்து இறுக்கிய ஒரேயொரு சன்னத்தோடு அசையாமல் அமர்ந்திருப்பார். மான் நாற்பது யார் அணுகி வரலாம்; அன்றி, திரும்பி மரங்களிடையே மறையலாம்.